சாமித்தம்பி வெருளியும் அமெரிக்கச் சட்டமும்

உன்னிச்சை ஊரிலிருந்து அழகரத்தினம், கனடாவில் குளிருக்குள் இருக்கும் அன்பு மச்சான் சாமித்தம்பிக்குச் சொல்லி எழுதுவிப்பது. மாமாங்கேஸ்வரர் புண்ணியத்தில் நானும் மகள் கம்சாயினியும் வட்டை வயலில் நிற்கும் வெள்ளாமையும் சுகம். உன் சுகத்தையும் கேட்டு எழுதுவது வழக்கம். இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்கிறேன்.

எனக்கு எழுத்து ஓடாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்லக் கம்சாயினி எழுதுகிறாள். இதில் எங்காவது நல்ல தமிழ் வந்தால் அது அவளுடையது.

என் தங்கச்சி சீதேவிப்பிள்ளை கண்மூடிய பிறகு நீ ஃபோன் எடுப்பதில்லை. பிள்ளைகுட்டியும் இல்லாத மனிசன், தனியே என்ன செய்கிறாயோ என்று யோசித்துக்கொண்டுதான் போன போகத்தில் குருவி விரட்ட ஒரு வெருளி கட்டினேன். வைக்கோல் உடம்பு, சட்டித் தலை, நீ ஊருக்கு வந்தபோது கொடியில் விட்டுப்போன பூப்போட்ட சட்டை. கட்டிமுடித்துத் தள்ளி நின்று பார்த்தால் நீயேதான். "டேய் சாமித்தம்பி, குருவி இறங்குது, கையை ஆட்டடா சோம்பேறி" என்று நான் ஏசினதைக் கம்சாயினி ஃபோனில் பிடித்துத் தன்னுடைய வீடியோச் சனலில் போட்டுவிட்டாள். மச்சானை மச்சான் ஏசாமல் வேறு ஆர் ஏசுவது? ஆனால் பார்த்தால் மச்சான், லண்டனில் இருந்து பார்க்கிறார்கள், டோகாவில் இருந்து பார்க்கிறார்கள், நான் ஒருநாளும் கேள்விப்படாத ஊரில் இருந்தெல்லாம் இந்த வயல் வரம்பைப் பார்க்கிறார்கள். அதற்குக் கீழே ஒருநாள் உன்னுடைய எழுத்து வந்தது. கம்சாயினி வாசித்தாள்: "அவன் கையாட்டேல்ல எண்டு ஏசுறாய், நீ வரம்பில குந்திக்கொண்டு என்ன கிழிக்கிறாய்?"

நான் சிரித்த சிரிப்பில் வாய்க்கால் கரைக் கொக்கெல்லாம் எழும்பிவிட்டது. அன்றைக்குத் தொடங்கி ஒரு வீடியோ தவறாமல் எழுதினாய். உன் வயிறு அவ்வளவு பெரிதில்லை என்றாய், நான் இன்னும் ஒரு கட்டு வைக்கோல் அடைத்து, அந்த வயிற்றுக்கு ஒரு பாட்டும் கட்டிப் படித்தேன். நீ எழுதினது முழுவதும் எனக்குச் சொல்லுக்குச் சொல் பாடம். "அப்பா, மாமா பாவம், ஏசினது காணும்" என்றாள் கம்சாயினி. "நீ சும்மா இரு கிளி, ஏசினாத்தான் அவன் எழுதுவான், எழுதினாத்தான் அவன் இருக்கிறான் எண்டு நமக்குத் தெரியும்" என்றேன்.

அப்படி இருக்க ஒருநாள் ஃபோனைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பா, எழுதுற இடத்தைப் பூட்டிப்போட்டாங்க" என்றாள்.

"ஆர் பூட்டின?"

"அமெரிக்கச் சட்டம்."

நான் எழும்பி நின்றுவிட்டேன். அமெரிக்காவுக்கும் உன் வெருளிக்கும் என்ன வழக்கு? அவள் ஆறுதலாக விளங்கப்படுத்தினாள். பதின்மூன்று வயதாகாத பிள்ளை இணையத்தில் எதைப் பார்க்குது, எங்கே இருக்குது என்ற விபரத்தைத் தாய்தகப்பனைக் கேளாமல் கொம்பனிகள் சேர்க்கக்கூடாதாம். அதனால் வீடியோ போடுகிறவர்கள் இது பிள்ளைகளுக்கானதா இல்லையா என்று முதலே சொல்லவேணுமாம். இவள் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறாள். ஆனால் அங்கே ஒரு யந்திரம் இருந்து பார்க்குதாம். பொம்மை நிற்குது, குருவி பறக்குது, கிழவன் பாட்டுப் படிக்கிறான், சட்டையில் பூ. சின்னப்பிள்ளைகளுக்கானதுதான் என்று முடிவுகட்டி, எழுதுகிற இடத்தை மூடி, விளம்பரக் காசையும் மெலியப்பண்ணிவிட்டது. அந்தக் காசில் கொஞ்சம் ஓய்ந்திருந்த கம்சாயினியின் தையல் மிசின் திரும்பவும் இரவுபகலாக ஓடுது.

சட்டத்தை நான் குறைசொல்லமாட்டேன் மச்சான். சண்டைக் காலத்தில் எங்கள் வாசல்களில் நின்று எத்தனை வகையான ஆட்கள் பிள்ளைகளின் பெயரையும் வயதையும் பதிந்துகொண்டு போனார்கள் என்று உனக்கும் ஞாபகம் இருக்கும். எனக்கு அவர்களுடைய குரல்கூட ஞாபகம். ஒருவரும் தாயைக் கேட்கவில்லை. தாயைக் கேளாமல் ஒரு பிள்ளையின் விபரம் எடுக்காதே என்று உலகத்தில் ஒரு சட்டம் உண்டு என்பதைக் கேட்கத்தான் நான் இவ்வளவு காலம் கிடந்தேன் போல. ஆனால் அந்தப் பெரிய சட்டம் வந்து பூட்டினது, நீ வாழ்கிறாயா என்று நான் எட்டிப்பார்த்த ஒரேயொரு சன்னலை.

கம்சாயினி மேல்முறையீடு எழுதினாள். இது பிள்ளைகளுக்கான விளையாட்டல்ல, வயதுபோன ஒருவர் தன் மச்சானை ஏசுவது என்று இங்கிலீசில் விளக்கினாள். பதில் கெதியாய், கையோடு வந்தது. மறுபடி பார்த்தார்களாம், முடிவில் மாற்றமில்லையாம். பெருமைப்படு மச்சான். எவ்வளவு பெரிய கொம்பனி, இரண்டு தரம் உன் முகத்தைப் பார்த்து, விளையாட்டுச் சாமான்தான் என்று ஒப்பமிட்டிருக்கிறது.

அதுக்கு மறுகா, பெரியாக்களுக்கான வீடியோ ஒன்று செய்வம் என்றாள். வெள்ளைச் சேட்டு மாட்டி என்னைக் கதிரையில் இருத்தினாள். சிரிக்கக்கூடாது, பாடக்கூடாது. நான் யூரியா விலையைப் பற்றியும் வாய்க்கால் திருத்தாததைப் பற்றியும் பேசினேன். பேசினதில் எனக்கே நித்திரை வந்தது. யந்திரம் சம்மதித்து எழுதுகிற இடத்தைத் திறந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் சோறு ஆற ஆற ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தது ஒன்றுதான், டோகாவில் இருந்து ஆரோ ஒரு பொடியன்: "ஐயா, சாமித்தம்பி எங்க?"

அதைத்தான் நானும் கேட்கிறேன். இடம் திறந்திருந்தும் நீ எழுதவில்லை. வாட்ஸ்அப்பில் போட்டதும் போட்டபடி கிடக்குது. உடம்புக்கு வருத்தமா, விழுந்துகிழுந்து போனாயா? நான் ஏசினது மனதில் தைத்துவிட்டது என்றால் சொல். சட்டையைக் கழற்றிவிடுகிறேன், பெயரையும் எடுத்துவிடுகிறேன், இனி உன்னை ஒரு சொல்லும் ஏசமாட்டேன். சீதேவியின் முப்பத்தொன்றாம் நாள் காரியத்துக்கு நீ அனுப்பின பொதியில் இருந்த விலாசத்துக்கு இதைப் போடுகிறேன். ஒரு வரி எழுது. உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல், காலுக்குக் கீழ் மண் வழுக்காமல், குமாரத்தன் சாமி துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
பெருவிரல் வைக்கும் உன் மச்சான்
அழகரத்தினம்

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை தேடும்போது கம்சாயினி கத்திக்கொண்டு ஓடிவந்தாள். நீ சனல் தொடங்கியிருக்கிறாய். முற்றத்துப் பனியை உருட்டி ஒரு மனிசன் செய்து, இடுப்பில் சாரன் சுற்றி, வெற்றிலை போட்ட வாய் மாதிரிச் சிவப்பும் பூசி, "அழகரத்தினம், ஒழும்படா, வெள்ளாமையை மாடு தின்னுது" என்று ஏசுகிறாய். உறைந்த தண்ணீரில் ஒரு ஆளையே செய்யலாம் என்பதை இன்றைக்குத்தான் கண்டேன். நாலு தரம் போடச்சொல்லிப் பார்த்தேன். பதிலுக்கு ஏசுவம் என்றால், யந்திரம் உன்னுடையதையும் பிள்ளைகளுக்கானது என்று பூட்டிவைத்திருக்கிறது. ஆகவே மேலே எழுதின மன்னிப்பு, இரக்கம், வாக்குறுதி எல்லாம் ரத்து. சட்டை கழறாது, பெயர் போகாது. ஆனால் பங்குனி பிறக்க அங்கே வெயில் ஏறுமாம், நான் கரைந்து வாசலால் ஓடிவிடுவேன் என்று கம்சாயினி சொல்கிறாள். அதற்கு முதல் ஒரு தரம் ஃபோனை எடு.