கையைக் கொடுங்க, தேய்க்காதீங்க

ஆளைப் பார்த்து எடை போடுகிறவர்களில் பல இனம் உண்டு. கையெழுத்தை வைத்துக் குணம் சொல்பவர்கள், செருப்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பவர்கள், தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கிற சத்தத்தை வைத்தே வளர்ப்பைக் கண்டுபிடிப்பவர்கள். இவர்களையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இன்று நாம் பார்க்கப்போகிற இனம் கிட்டே வரும். வந்து உங்கள் மணிக்கட்டைப் பிடித்து ஒரு சொட்டு எண்ணெய் வைக்கும். பிறகு மோந்து பார்த்து, நீங்கள் யார் என்பதை உங்களுக்கே சொல்லும். இந்த இனத்துக்கு மூக்கு ஜோசியர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். இல்லவே இல்லை என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள், அதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

அந்த எண்ணெய் பச்சோலி. பச்சோலி என்பது ஒரு செடி. அதன் காய்ந்த இலையிலிருந்து வடிக்கிற எண்ணெய் பழுப்பாக, கெட்டியாக இருக்கும். பூ வாசனை கிடையாது, பழ வாசனை கிடையாது, மண் வாசனை. அதிலும் ஆளுக்கு ஆள் மாறும் மண் வாசனை. ஒருவர் கையில் மழை விழுந்த மண்ணாக மணப்பது இன்னொருவர் கையில் பழைய மரப்பெட்டியாகும். மூன்றாவது ஆளிடம், மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த அறையாகும். இது உண்மைதான். தோலின் சூடு, வியர்வை, குளித்த சோப்பு, காலையில் சாப்பிட்ட பூண்டு என்று இதற்குச் சாதாரணக் காரணங்கள் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் சாதாரணக் காரணத்தோடு திருப்திப்படுகிறவர் மூக்கு ஜோசியர் ஆவாரா?

நமக்குத் தெரிந்த மூக்கு ஜோசியர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மேலாளர். பிழைப்பு கண்ணில், நம்பிக்கை மூக்கில். கடைப் பையன்கள் அவருக்கு 'மண்வாசனை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது ஒரு நாள் அவர் காதில் விழுந்தது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். அவர் படியேறி வருவதற்குள் அவருடைய வாசனை வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடும். அவர் சாப்பிடப் போன பிறகும் அது எழுந்து போகாது. சட்டைப் பையில் எப்போதும் அந்தக் குட்டிப் பாட்டில், பையின் அடியில் எப்போதும் ஒரு பழுப்புக் கறை. அந்தக் கறையைப் போக்க அவர் மனைவி செய்யாத வைத்தியம் இல்லை.

கண்ணாடி வாங்க வந்தவர், எழுத்துப் பலகையின் கடைசி வரியைத் தட்டுத்தடுமாறிப் படித்து, ஃபிரேம் பொறுக்கி முடித்ததும், அது மூக்கின்மேல் ஒழுங்காக உட்கார்கிறதா என்று இவர் குனிந்து பார்க்கிறாரே, அதுதான் ஆபத்தான நேரம்.

"கையைக் கொடுங்க."

"எதுக்குங்க? கண்ணுக்குத்தானே வந்தேன்."

"கொடுங்க, சொல்றேன்."

கொடுத்துவிடுவார்கள். கண்ணாடியைக் கழற்றிய நிமிடத்தில் பெரிய மனிதர்கள்கூடக் குழந்தையாகிவிடுகிறார்கள். பாட்டிலுக்குள் இருக்கிற குச்சியிலிருந்து ஒரு சொட்டு விழும். வந்தவர் பழக்கத்தில் இன்னொரு மணிக்கட்டை வைத்துத் தேய்க்கப் போவார்.

"தேய்க்காதீங்க. தேய்ச்சா பொய் சொல்லும். இப்ப வர்றது எண்ணெய். இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு வரும் பாருங்க, அதுதான் நீங்க."

அந்தக் 'கொஞ்ச நேரம்' முழுக்க வந்தவர் கையை நீட்டியபடியே நிற்பார். இவர் தன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்வார். தொடக் கூடாது, தொட்டால் கலந்துவிடும் என்பது கொள்கை. கண்ணை மூடுவார். ஒரு சின்ன மூச்சு, ஒரு பெரிய மூச்சு. பிறகு தீர்ப்பு.

தீர்ப்புகளில் தலைசிறந்தது 'மழை மண்'. அதற்கு அடுத்தது 'மரப்பெட்டி'. கீழே இறங்க இறங்க 'கிடங்கு', 'ஈரச்சுவர்' என்று போய், அடிமட்டத்தில் கிடப்பது 'நனைஞ்ச கோணி'. கடை முதலாளி எந்த நாளில், எந்த உடல்நிலையில் கையை நீட்டினாலும் மழை மண்தான். வாசலை மறைத்து வண்டியை நிறுத்துகிற எதிர்வீட்டுக்காரர் ஈரச்சுவர். கொடுத்த கண்ணாடி தலைவலி தருகிறது என்று திரும்பி வந்து சண்டை போட்ட அம்மாள் கிடங்கு, அதே அம்மாள் அடுத்த மாதம் தன் தங்கையையும் கண்ணாடிக்கு அழைத்துக்கொண்டு வந்தபோது மரப்பெட்டி. மூக்கு எதையும் புதிதாகக் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. மனசு முன்கூட்டியே எழுதி வைத்ததில் மூக்கு கையெழுத்துப் போட்டது, அவ்வளவுதான். ஆனால் அவரிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? சொன்னவர் கோணி ஆகிவிடுவார்.

இதில் இன்னொரு கூத்தும் இருந்தது. ஒவ்வொருவருக்கும் சொட்டு வைத்த பிறகு குச்சியில் மிச்சமிருப்பதை வீணாக்காமல் தன் மீசையில் தடவிக்கொள்வார். மூக்கைத் தயார்ப்படுத்துவதாம். ஆகவே ஊரையெல்லாம் மோந்து பார்க்கிற மூக்குக்கும் அந்த ஊருக்கும் நடுவில் அவருடைய மீசை இருந்தது, பச்சோலியில் ஊறி. அவர் யாரை மோந்தாலும் முதலில் தன்னைத்தான் மோந்தார். இது வீட்டில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் உறைத்தது. அவர் மகளுக்கு.

மகள் ஒரு பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறாள். அந்த மூக்கின் கீழேயே வளர்ந்தவள். கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கிய நாளில் அவள் மழை மண், தோற்ற நாளில் ஈரச்சுவர். வீட்டுக்கு வந்த தோழிகள் ஒவ்வொருத்தியாக மணிக்கட்டைத் தொலைத்துவிட்டு ஓடினார்கள். அவளுக்குக் கோபம் உண்டு. ஆனால் அதைவிட அப்பாமேல் பாசம் அதிகம், அதுதான் சிக்கல். பாசம் இல்லாவிட்டால் நீச்சல் மாஸ்டரை எப்போதோ கல்யாணம் பண்ணிக்கொண்டு போயிருப்பாள்.

நீச்சல் மாஸ்டர் என்பவர் அவளிடம் பல்லைக் காட்ட வந்து மனசைக் கொடுத்துவிட்டுப் போனவர். குளத்தில் குழந்தைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுப்பது வேலை. நாள் முழுக்கக் குளோரின் தண்ணீரில் நிற்கிற மனிதர். அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னாள். வேண்டிய எச்சரிக்கை எல்லாம் கொடுத்துத்தான் வரச் சொன்னாள். அவர் வேடிக்கை என்று நினைத்துக்கொண்டார்.

"வாங்க தம்பி. கையைக் கொடுங்க."

மாஸ்டர் கை குலுக்கப் போனார். சொட்டு விழுந்தது.

"தேய்க்காதீங்க."

"சரிங்க சார்."

நல்ல மனிதர். தேய்க்கக் கூடாது என்றால் எதிலும் படக் கூடாது என்று புரிந்துகொண்டு, மாவுக்கட்டுப் போட்டவர் மாதிரி வலது கையைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தார். தேநீரை இடது கையால் குடித்தார். குளத்தில் பயந்து அழுகிற குழந்தைகளைப் பற்றிச் சொன்னபோது அம்மா சிரித்தாள், மகளும் சிரித்தாள். அப்பா மட்டும் எண்ணெய் பேசக் காத்திருந்தார். பிறகு எழுந்தார், கையைப் பின்னால் கட்டினார், கண்ணை மூடினார்.

சின்ன மூச்சு. பெரிய மூச்சு. முகம் சுருங்கியது.

மாஸ்டர் போன பிறகு சொன்னார். "நனைஞ்ச கோணி."

"அப்பா, அவர் நாள் முழுக்கக் குளத்துல நிக்கிறவர். தோல்ல குளோரின் ஊறியிருக்கும்."

"குளோரின் வெளிய இருக்கு. நான் உள்ள இருக்கறதைச் சொல்றேன்."

"உள்ள என்ன இருக்கு?"

"ஆள் சரியில்ல. வேணாம்மா. அப்பா மூக்கு தப்பாச் சொல்லாது."

மகள் அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் அவரிடம் பேசவில்லை. அப்பாவுக்கு அது வலித்தது, ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே. அந்த வாரம் கண்ணாடிக் கடைக்கு வந்தவர்கள் எல்லாருமே கோணியாகப் போனார்கள், முதலாளியைத் தவிர.

வெள்ளிக்கிழமை காலை மகளே வந்து பேசினாள்.

"சரிப்பா. உங்க மூக்கு சொல்றபடியே கேக்கறேன். ஞாயித்துக்கிழமை மூணு வாசனை காட்டறேன். யாருன்னு சொல்லமாட்டேன், நீங்களும் கேக்கக் கூடாது. கண்ணைக் கட்டிக்கணும். நீங்க எதை நல்லதுன்னு சொல்றீங்களோ அவரையே கட்டிக்கறேன்."

"நிஜமாவா?"

"நிஜமா."

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் ஒரு மனித ஜீவனும் அவர் மூக்கை இப்படி மதித்ததில்லை. ஞாயிறு வருவதற்குள் பாட்டிலைத் துடைத்து, குச்சியைத் துடைத்து, மீசைக்கு வழக்கத்தைவிட இரண்டு சொட்டு அதிகமாக வைத்துக்கொண்டார்.

ஞாயிறன்று கூடத்தில் அவரை உட்காரவைத்து, அம்மாவின் துப்பட்டாவால் கண்ணைக் கட்டினார்கள். நாற்காலிகள் இழுபடுகிற சத்தம். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். கனைத்தது மாஸ்டர், மகள் உதட்டில் விரல் வைத்து அவரை அடக்கினாள். இது பலிக்காவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்கே தெரியவில்லை. சொன்ன வார்த்தையை மீறுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, அதுவும் அப்பாவிடமிருந்து வந்ததுதான்.

முதலில் மாஸ்டரின் மணிக்கட்டு.

"மரப்பெட்டி," என்றார் அப்பா. "பரவாயில்ல. ஏதோ ஆபீஸ்ல இருக்கற பையன். நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டான். வேற பாப்போம்."

போன வாரத்துக் கோணி இந்த வாரம் பெட்டியானதைக் கேட்டு மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார்.

இரண்டாவது வாசனை மூக்கருகே வந்தது. சின்ன மூச்சு. பெரிய மூச்சு. பிறகு, அவர் வழக்கத்தில் இல்லாத ஒரு மூன்றாவது மூச்சு. முகம் மலர்ந்தது.

"மழை மண்ணு. இதான்மா. என்ன ஒரு குளிர்ச்சி பாரு. பொறுமைசாலி. அதிகம் பேசமாட்டான். நீ எவ்வளவு கத்தினாலும் திருப்பி ஒரு வார்த்தை வராது. கண்ணை மூடிக்கிட்டு கட்டிக்கலாம்."

அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"மூணாவதையும் பாத்துடுங்கப்பா."

"எதுக்கு? அதான் கிடைச்சாச்சே."

"முறைன்னு ஒண்ணு இருக்கில்ல."

மூன்றாவதை மோந்ததும் அப்பா தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "சே. இதை எங்க புடிச்சே? கோணியிலயும் பழைய கோணி. பிடிவாதக்காரன்மா இவன். தான் சொல்றதுதான் சரி. யார் பேச்சையும் காதுல வாங்கமாட்டான். இவனுக்குப் பொண்ணு குடுத்தா, அந்தப் பொண்ணு ஆயுசுக்கும் பல்லைக் கடிச்சிக்கிட்டே குடும்பம் நடத்தணும்."

"எங்கப்பாவுக்கு இந்த மூக்கு இல்லாமப் போச்சே," என்றாள் அம்மா.

அவர் கண்கட்டை அவிழ்த்தார். எதிரே மகள் நின்றிருந்தாள். அவள் இடது கையில் ஒரு வெள்ளரிக்காய், நடுவில் பழுப்பாக ஒரு சொட்டு. வலது கையில் ஒரு கைக்குட்டை. அழுக்குக் கூடையிலிருந்து எடுத்தது.

"அது என்னோட கைக்குட்டையில்ல?"

"ஆமாப்பா."

"அப்ப… நல்ல பையன்?"

மகள் வெள்ளரிக்காயை உயர்த்திக் காட்டினாள். மாஸ்டர் துண்டை வாயிலிருந்து எடுத்தார், அவசரமாக மறுபடி வைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் மூக்குடைபட்டுப் போய் உள்ளறையில் படுத்திருப்பார்கள். அவர் அசையவில்லை. "எண்ணெய்ல கலப்படம்," என்று ஆரம்பித்தார். அதற்குள் அம்மா ஈரத் துண்டும் சோப்புமாக வந்துவிட்டாள். பேசவிடாமல் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, அவர் மீசையை அழுத்தித் துடைத்தாள். கறை போகாத சட்டைகளுக்காகவும் சேர்த்துத் துடைத்தாள். துண்டு பழுப்பானது.

"இப்ப பாருங்க," என்றாள்.

அவர் கையைக் கொடுங்க என்று கேட்கவில்லை. மாஸ்டரே, எண்ணெய் படாத இடது கையை நீட்டினார். அப்பா குனிந்தார். சின்ன மூச்சு. பெரிய மூச்சு. எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு அவர் மூக்கு முதல் தடவையாக மீசையைத் தாண்டி வெளியே வந்திருந்தது. அங்கே ஒன்றுமில்லை. அவருக்குப் பயமாகக்கூட இருந்தது.

"ஒண்ணுமே தெரியலையேம்மா."

"நல்லாப் பாருங்கப்பா."

"சோப்பு… கொஞ்சம் தண்ணி வாசனை."

"அவ்வளவுதாங்க சார் நான்," என்றார் மாஸ்டர்.

அப்பா அந்தக் கையை உடனே விடவில்லை. தொடக் கூடாது என்ற கொள்கையை மறந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"சோப்பும் நல்லதுதான்," என்றார்.

மகளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அன்று மதியம் அந்த நல்ல பையனின் எண்ணெய் பட்ட பக்கத்தைத் தடிமனாகச் சீவி எறிந்துவிட்டு, மிச்சத்தை அம்மா வட்டமாக நறுக்கி எல்லாருக்கும் வைத்தாள். கடைசிவரை அவன் திருப்பி ஒரு வார்த்தை பேசவில்லை.

இதோடு அவர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? கல்யாணம் வரைக்கும் கடையில் பச்சோலி வாசனையே இல்லை. கல்யாணம் முடிந்த கையோடு பாட்டில் மறுபடி சட்டைப் பைக்கு வந்துவிட்டது. "இப்பல்லாம் மீசையைக் கழுவிட்டுத்தான் பாக்கறேன். இனிமே தப்பே வராது, கையைக் கொடுங்க," என்கிறார். மாப்பிள்ளைக்கு மட்டும் எண்ணெய் வைப்பதில்லை. அவரைப் பார்த்தால் கை குலுக்குகிறார், கொஞ்சம் அதிக நேரமே குலுக்குகிறார்.

நல்லவேளை, நாம் அப்படியில்லை என்று சொல்லிக்கொண்டுதானே இதைப் படித்து முடிக்கிறீர்கள்? நியாயம்தான், உங்கள் சட்டைப் பையில் பாட்டில் கிடையாது. ஆனால் மேலே 'நனைஞ்ச கோணி' என்று படித்ததும் உங்கள் மனசில் ஒரு முகம் வந்ததே, அது யார்? மைத்துனரா, பக்கத்து மேசைக்காரரா, சம்பந்தியா? ஒரு சொட்டு எண்ணெய்கூடச் செலவில்லாமல், கையைக்கூட வாங்கிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். எதற்கும் இன்றைக்கு உங்கள் கைக்குட்டையை எடுத்து ஒரு தடவை மோந்து பாருங்கள். தேய்க்காதீங்க.