வரிசை நகர்கிறது

வரிசையின் நீளத்தைப் பார்த்ததும் லிஃப்ட்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கம்பித் தடுப்புகளுக்குள் மடங்கி மடங்கி, டிக்கெட் கொடுக்கும் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போய், கழிப்பறை வாசல் வரை நின்றது கூட்டம். அதன் மறுமுனையில், மேகத்தைத் தொடப்போவதுபோல் ரோலர் கோஸ்டர் நின்றுகொண்டிருந்தது. அவ்வப்போது உச்சியிலிருந்து ஒரு வண்டி தலைகுப்புறப் பாயும். கூடவே முப்பது பேர் அலறும் சத்தமும் வரும்.

"குட்டி, கூட்டத்தைப் பாத்தியா? நம்ம முறை வர்றதுக்குள்ள பார்க்கையே பூட்டிடுவாங்க. பேசாம அந்தப் படகுல போயிட்டு வந்துடலாமே?"

"படகெல்லாம் குழந்தைங்களுக்குப்பா," என்றாள் மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள்.

மனைவி சிரித்தாள். மனைவியின் தம்பி, பாப்கார்ன் பொட்டலத்துக்குள் கையை விட்டபடியே, "அத்தானுக்கு இதெல்லாம் ஒரு உயரமா? அவரு பாக்காத உயரமா?" என்றான்.

அங்கேதான் சிக்கல். அவர் உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். "எங்கப்பா இருட்டுக் குழிக்குள்ள கயித்தைப் பிடிச்சுக்கிட்டு வேலை செய்வார், பயமே கிடையாது" என்று குட்டி தன் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். இன்று ரோலர் கோஸ்டரில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து போகப்போவதையும் சொல்லி வைத்திருந்தாள்.

உண்மையில் அவருக்கு உயரத்தைக் கண்டு பயமில்லை. விழுவதைக் கண்டுதான் பயம். தொழில் அப்படி. ஒரு பெட்டி கீழே விழாமல் இருக்க மனிதர்கள் என்னென்ன ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று கற்றுக்கொண்டு, அத்தனையையும் துடைத்து, முறுக்கி, எண்ணெய் போட்டுக் காப்பாற்றுவதுதான் அவருடைய வேலை. இங்கேயோ காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே விழவைக்கிறார்கள்!

இதை மகளிடம் சொல்ல முடியுமா? முடியாது. அவளாகவே "வேணாம்ப்பா, போயிடலாம்" என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் மானம் தப்பும். எப்படிச் சொல்லவைப்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது குட்டியே வழி காட்டினாள்.

"அப்பா, வண்டி மேல ஏறும்போது டக்கு டக்குன்னு சத்தம் வருதே, அது என்னது?"

"அதுவா?" லிஃப்ட்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நடுவுல ஒரு சங்கிலி ஓடுது பாரு. அதுதான் வண்டியை மேல இழுத்துட்டுப் போகுது. வண்டிக்கு அடியில நாக்கு மாதிரி ஒரு இரும்புத் துண்டு தொங்கும். தண்டவாளத்துக்கு நடுவுல ரம்பம் மாதிரி பல்லு இருக்கும். வண்டி ஏற ஏற, நாக்கு ஒவ்வொரு பல்லா தாண்டித் தாண்டி விழும். அந்தச் சத்தம்தான்."

"நாக்கு எதுக்குப்பா?"

"சங்கிலி அறுந்துடுச்சுன்னு வெச்சுக்கோ..."

முன்னால் கைகோத்து நின்றிருந்த இளம் ஜோடி சட்டென்று திரும்பிப் பார்த்தது.

"என்னங்க, கொஞ்சம் சத்தமா சொல்லுங்களேன். இந்த இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல," என்றாள் மனைவி.

அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. மிக்ஸி எப்படிச் சுற்றுகிறது என்று அவர் ஆரம்பித்தாலே மிக்ஸியை ஓடவிட்டுவிடுகிறவள் அவள். கேட்பதற்கு ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் குரல் தானாக உயர்ந்தது.

"சங்கிலி அறுந்துட்டா வண்டி அப்படியே பின்பக்கமா உருண்டு வந்துடும் இல்லையா? வராம அந்த நாக்கு பல்லுல மாட்டிக்கும். ஆனா அதெல்லாம் உச்சி வரைக்கும்தான். அங்க போனதும் சங்கிலி விட்டுடும். அதுக்கப்புறம் வண்டிக்கு இன்ஜினே கிடையாது."

"கிடையாதா?"

"கிடையாது. கடைசி வரைக்கும் விழற வேகத்துலயே ஓடணும். பஸ் மாதிரி நினைச்ச இடத்துல நிறுத்த முடியாது."

அந்த இளைஞன் காதலியின் காதில் ஏதோ சொன்னான். இருவரும் கம்பிக்கு அடியில் குனிந்து வெளியே போனார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவரும், "இருங்க, தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போனார். திரும்பவில்லை.

குட்டியின் கண்கள் அகல விரிந்திருந்தன. பலிக்கிறது என்று லிஃப்ட்காரர் நினைத்தார். இன்னும் ஒரு திருகு முறுக்கினால் போதும்.

"சக்கரத்தைப் பாத்தியா? தண்டவாளத்துக்கு மேல ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு. அதோட அடியிலயும் ஒண்ணு இருக்கு."

"அடியில எதுக்கு?" குட்டி கத்தியே கேட்டாள்.

"மேட்டுல ஏறி இறங்கறப்ப வண்டி தண்டவாளத்தை விட்டு எகிறப் பாக்கும். எகிற விடாம அது பிடிச்சுக்கும்."

"அத்தானுக்கு எல்லாம் அத்துப்படி!" என்று மச்சினன் சுற்றியிருந்தவர்களைப் பார்த்து அறிவித்தான். "ஊர்ல இருக்கற லிஃப்ட் பூரா இவரு கையிலதான். இவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஒரு பெரிய குடும்பம் கூடிக் கூடிப் பேசியது. பிறகு மொத்தமாகப் படகுப் பக்கம் நடந்தது.

"நகருங்க, நகருங்க, முன்னால இடம் விட்டிருக்கு," என்று மனைவி அவர் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

திருப்பத்தில் நின்று பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்தது. கழிப்பறை வாசலில் ஆரம்பித்தவர்கள் இப்போது கட்டடத்தைத் தாண்டியிருந்தார்கள்! தலைக்கு மேலேயே தண்டவாளம் ஓடியது. மகளைப் பயமுறுத்தப் போய் ஊரைப் பயமுறுத்தியிருக்கிறார். அவர் ஒவ்வொரு வாக்கியம் சொன்னபோதும் வண்டி ஒரு அடி கிட்டே வந்திருக்கிறது.

இனி இருக்கிற கூட்டத்தையாவது காப்பாற்ற வேண்டும். அந்த நேரம் பார்த்து, முன்னால் இரண்டு பையன்களோடு நின்ற ஒரு அம்மாள் திரும்பினாள்.

"சார், நீங்க இந்த வேலையில இருக்கறவரா? பயமில்லையே?"

"ஐயோ, துளிகூடப் பயமில்லைம்மா! தைரியமா நில்லுங்க," என்றார் லிஃப்ட்காரர். இந்த முறை மனப்பூர்வமாகவே சொன்னார். "ஒரு பிரேக் போச்சுன்னா இன்னொண்ணு இருக்கு. அதுவும் போச்சுன்னா வேற இருக்கு. எங்க லிஃப்டையே எடுத்துக்கங்க. எல்லாக் கயிறும் அறுந்தாக்கூட ஒரு தாடை வந்து கவ்விக்கும். அதுவும் கவ்வலைன்னா குழிக்குள்ள ஸ்பிரிங் வெச்சிருக்கோம்."

"குழிக்குள்ளயா?"

"ஆமாம்மா. கீழ வந்து விழுந்தா மெதுவா விழட்டுமேன்னு."

பாதுகாப்பில் இருக்கிற தொல்லையே இதுதான். எந்தப் பாதுகாப்பையும் விபத்தின் பெயரைச் சொல்லாமல் அறிமுகப்படுத்த முடியாது. பிரேக்கைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் வண்டி நிற்காமல் ஓட வேண்டும். தாடையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் கயிறு அறுந்தே தீர வேண்டும். லிஃப்ட்காரர் ஐந்து பாதுகாப்புகளை விளக்கி முடித்தபோது அந்த அம்மாளின் மனதில் ஐந்து விபத்துகள் நடந்து முடிந்திருந்தன. பையன்கள் அழ அழ, இருவரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினாள்.

வரிசை நகர்ந்தது.

சரி, வாயை மூடிக்கொள்வதுதான் வழி என்று அவர் முடிவு செய்தார். இனி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

"அப்பா, அந்தத் தூண்ல மத்த போல்ட்டெல்லாம் மங்கலா இருக்கு. அந்த ஒண்ணு மட்டும் ஏன்ப்பா பளபளன்னு இருக்கு?"

பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தார். கண் கேட்கவில்லை. புது போல்ட். பழையது தேய்வதற்கு முன்பே மாற்றியிருக்கிறார்கள். நல்ல பராமரிப்பு. இதைச் சொல்லியிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அவர்தான் பேசுவதில்லை என்று முடிவு செய்துவிட்டாரே? தூணை அடியிலிருந்து நுனி வரை பார்த்தார். உதட்டை இறுக்கினார். பெருமூச்சு விட்டு, தலையை மெல்ல ஆட்டினார்.

"சொல்லுங்கப்பா!"

"ஒண்ணுமில்லடா. விட்டுடு."

முன்னால் நின்ற கல்லூரிப் பையன்கள் கப்சிப்பென்று ஆனார்கள்.

"டேய், அவருக்கு என்னமோ தெரிஞ்சிருக்குடா. சொல்ல மாட்டேங்கறாரு."

"இவ்வளவு நேரம் பேசினவரு ஏன்டா திடீர்னு வாயை மூடினாரு?"

"எனக்குக் காலையில இருந்தே வயிறு சரியில்ல மச்சி. நீங்க வேணா போங்க."

ஒருவரும் போகவில்லை. மொத்தக் கூட்டமும் கலைந்தது. அவர்கள் விட்டுப்போன வெற்றிடத்துக்கு அப்பால், வாயிற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, கழுத்தில் விசில் தொங்க ஒரு பெண் நின்றாள்.

"வாங்க சார்! உங்களுக்காகவே முன் சீட்டு காலியா இருக்கு."

லிஃப்ட்காரர் சட்டென்று திரும்பினார். குனிந்து மகளின் தோளைப் பிடித்தார்.

"குட்டி, பயமா இருந்தா அப்பாகிட்ட சொல்லும்மா. வெக்கமே படாதே. இப்பவே திரும்பிடலாம்."

"என்ன பயம்? அதான் எப்படி ஓடுதுன்னு எல்லாத்தையும் சொல்லிட்டீங்களே!"

லிஃப்ட்காரர் ஏறி உட்கார்ந்தார். தடுப்புக் கம்பி மடியில் இறங்கிப் பூட்டிக்கொண்டது. அதை இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்துப் பார்த்தார். பின் சீட்டிலிருந்து மச்சினன், "அத்தான், அதைக் கழட்டிக் கையில குடுத்துடாதீங்க," என்றான்.

வண்டி ஏறத் தொடங்கியது. டக், டக், டக். ஒவ்வொரு பல்லிலும் நாக்கு விழுவதை அவர் காதால் பிடித்துக்கொண்டு ஏறினார். அந்தச் சத்தம் இருக்கிற வரை ஒன்றும் ஆகாது. அது தன்னுடைய ஜாதிச் சத்தம், லிஃப்ட்காரர்களின் சத்தம், பிடித்துக்கொள்கிற சத்தம். கீழே பார்க் சுருங்கிக்கொண்டே போனது. டக், டக்.

உச்சியில் சத்தம் நின்றது.

அதன் அர்த்தம் அந்த வண்டியில் அவர் ஒருவருக்குத்தான் முழுசாகத் தெரியும். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் எதையும் விளக்கவில்லை.

கீழே இறங்கியபோது தலைமயிர் எல்லாம் பின்பக்கமாக நின்றது. பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு, அதன் போல்ட்டுகளைப் பரிசோதிப்பதுபோல் நெற்றியை அதன்மேல் வைத்தார்.

"அப்பா, சூப்பர்ப்பா! எல்லாரும் கத்தினாங்க. நீங்க மட்டும் கத்தவே இல்ல!"

கத்துவதற்கு வாயைத் திறந்ததும் குரல் பின் சீட்டுக்குப் போய்விட்டதை அவர் சொல்லவில்லை. மானம் தப்பிவிட்டது, ஆளும் தப்பிவிட்டார். போதும்.

"அடுத்தது அது!" என்று குட்டி கை நீட்டினாள்.

கை நீண்ட இடத்தில், இதைவிட உயரமான கோபுரம் ஒன்று நின்றது. அதில் நேர்க்குத்தாக ஏற்றி, அப்படியே கீழே விடுகிறார்கள். விழுவதைத் தவிர அதில் வேறு எதுவுமே இல்லை. ஆனால் அதன் வரிசை! முன்பு நின்றதைப்போல இரண்டு மடங்கு. பார்த்ததும் லிஃப்ட்காரரின் முகத்தில் ரத்தம் மெல்லத் திரும்பியது. சாயங்காலம் வரை நிற்கலாம். இந்தத் தடவை யார் என்ன கேட்டாலும் தலையைக்கூட ஆட்டப்போவதில்லை.

பார்க் சீருடை போட்ட பெண் ஒருத்தி கையில் டிக்கெட் கட்டோடு அவர்களிடம் வந்தாள்.

"மேடம், கூட்டம் ரொம்ப அதிகம். வரிசையில நிக்காம நேரா முன்னால போறதுக்குத் தனி டிக்கெட் இருக்கு. எடுத்துக்கறீங்களா?"

மனைவி தம்பியைப் பார்த்தாள். தம்பி பாப்கார்ன் பொட்டலத்துக்குள் பார்த்தான். குட்டிதான் பதில் சொன்னாள்.

"வேணாம்க்கா. அதுக்குத்தான் அப்பாவைக் கூட்டிட்டு வந்திருக்கோம்."