ஒன்றரை இன்ச்சுக்காரர்

ஒன்றரை இன்ச்சைப் போல இன்னொரு பிடிவாதக்காரரை இந்தப் பூமி தாங்காது. ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தமிழ் டைப்ரைட்டர் வைத்திருந்தார். ஆய்வேட்டுத் தாளில், பைண்டு செய்வதற்காக இடது பக்கம் ஒன்றரை இன்ச் விட வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. அதை மனுஷர் வேதமாகவே எடுத்துக்கொண்டதால் சொந்தப் பெயரை ஊரே மறந்து, 'ஒன்றரை இன்ச்' என்றே கூப்பிட்டது.

கல்யாணப் பந்தியிலும் இலையின் இடது ஓரம் காலியாக இருக்க வேண்டும். ஒருமுறை பரிமாறியவர் அங்கே கூட்டை வைத்துவிட, "இன்னாப்பா, பைண்டிங்ல போய்டுமே!" என்று பதறினார்.

எழுபதுகளின் கடைசியில், ஜவ்வாது மலை விதைப்புப் பாடல்களைப் பற்றிய என் ஆய்வேடு இவர் கையில் மாட்டியது. திங்கட்கிழமை மாலைக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஐந்து வருட உழைப்பு அம்போ. சனிக்கிழமை காலை ஓடினேன். எண்பத்தேழாம் பக்கம் மட்டும் பாக்கி. அதே பக்கம் பதினோரு முறை கசங்கி அவர் காலடியில் கிடந்தது.

"பாட்டு வரி நீளம் சார். தாள்ல அடங்கல."

"ரெண்டா உடைச்சு அடிங்களேன்!"

"எங்க உடைக்கிறது? மலையில எங்கம்மா இத்த ஒரே மூச்சுல பாடும். நடுவுல நிறுத்துனா அந்த எடத்துல வெதை வுழாதுன்னு திட்டும்."

"அப்ப மார்ஜினைக் கொஞ்சம் தாண்டுங்க."

கொலைகாரனைக்கூட யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"என் பட்டம் போனா உங்கம்மாவா வந்து தருவாங்க?" என்று கத்திவிட்டேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன! அவர் தாள்களைச் சுருட்டிக்கொண்டு வாணியம்பாடி பஸ்ஸில் ஏறிவிட்டார்.

ஞாயிறு மத்தியானம் திரும்பினார். அகலமான தாள் போகும் பெரிய மிஷின் அங்கே யாரிடமோ இருந்ததாம். தாளைப் பக்கவாட்டில் திருப்பி, பாட்டை உடைக்காமல் அடித்திருந்தார். அவசரமாகப் பைண்டு செய்து, திங்கட்கிழமை நாலரைக்குக் கொடுத்தேன். உயிர் வந்தது.

வாய்மொழித் தேர்வில், "இந்தப் பக்கம் மட்டும் ஏன் படுத்திருக்கிறது?" என்றார் தேர்வாளர்.

"ஒரே மூச்சில் பாட வேண்டியது ஐயா."

அவர் ஏட்டைத் திருப்பி வைத்து, மூச்சைப் பிடித்துப் படித்து, இருமிவிட்டுப் பட்டத்துக்குப் பரிந்துரைத்தார்.

அன்றுதான் நன்றியுரையை ஒழுங்காகப் பார்த்தேன். ஒன்றரை இன்ச்சின் சொந்தப் பெயரைச் சொல்லி நான் எழுதிக் கொடுத்திருந்த கடைசி வரியைக் காணோம்! நேரே ஆலங்காயம் போய்க் கேட்டேன்.

"அது அடுத்த பக்கத்துக்குப் போச்சு சார். ஒரு வரிக்கோசரம் எதுக்கு இன்னொரு தாளு? எங்கம்மா பாட்டு வந்துச்சே, போதும்."

அங்கேயே என் பிரதியை விரித்து, பக்கத்தின் அடியில் பேனாவால் அவர் பெயரை எழுதினேன். எழுத்து கோணலாகி மார்ஜினைத் தாண்டிப் போயிற்று.

"பரவால்ல சார், இருக்கட்டும்" என்றார். அவர் வாயில் அப்படியொரு வார்த்தையை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.