மூலத்திலேயே குறைத்தல்

மனிதகுல வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம். எங்கள் மேலாளர் குப்பைத்தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பதற்கு முன். எட்டிப் பார்த்ததற்குப் பின். நடுவில் நெருப்பு, சக்கரம், மின்சாரம் என்று சில்லறைச் சமாச்சாரங்களும் நடந்திருக்கின்றன. அவற்றை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அவற்றைக் கண்டுபிடித்தவர்கள் யாரும் வேலை முடிந்ததும் அந்த இடத்தைப் பெருக்கிவிட்டுப் போனதாகத் தகவல் இல்லை.

மேலாளர் எட்டிப் பார்த்தது ஒரு திங்கட்கிழமை. முந்தின வாரம்தான் 'அலுவலகத் திடக்கழிவு மேலாண்மை' பற்றிய கருத்தரங்கு ஒன்றுக்குப் போய் வந்திருந்தார். அங்கே கொடுத்த பை, பைக்குள் இருந்த தொப்பி, தொப்பிக்குள் இருந்த சாவிக்கொத்து, சாவிக்கொத்தைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் என் மேஜையில் கொட்டினார்.

"இதையெல்லாம் எங்கயாவது போட்டுடுங்க. இன்னியிலேருந்து நம்ம ஆபீஸ்ல குப்பைங்கிற பேச்சே இருக்கக் கூடாது."

"சத்தியமான வார்த்தை சார்" என்றேன். நான் இந்த அலுவலகத்தின் கண்காணிப்பாளர். மேலாளர் தும்ம ஆரம்பிக்கும்போதே கைக்குட்டையை நீட்டுகிற பொறுப்புள்ள பதவி. என் மனைவி இந்தப் பதவிக்கு ஒரு வாத்தியக் கருவியின் பெயரை வைத்திருக்கிறாள். அவளுக்கு நிர்வாகம் தெரியாது.

அன்றே 'குப்பைக் குறைப்பு உயர்மட்டக் குழு' உதயமாயிற்று. மேலாளர் தலைவர், கணக்கர் உறுப்பினர், அடியேன் செயலாளர். முதல் கூட்டத்துக்கு வண்ண அழைப்பிதழ் அச்சடித்தோம். ஆளுக்கொரு கோப்பு, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், தனித்தனி உறையில் பிஸ்கட், காகிதக் கோப்பையில் டீ. மூன்றே பேர் பேசி முடிப்பதற்குள் ஒரு சாக்கு நிறைந்துவிட்டது. அதை அள்ள வந்த துப்புரவு அக்கா, "என்ன சார், யாருக்காவது பொறந்தநாளா?" என்று கேட்டார்.

"இது குப்பை இல்லம்மா. கொள்கை விளக்கம்" என்று மேலாளர் பொறுமையாகத் திருத்தினார்.

அந்தக் கூட்டத்தில்தான் அவர் அந்த மகத்தான தத்துவத்தை அருளினார். "குப்பையை அள்ளிக்கிட்டே இருக்கிறது முட்டாள்தனம். அது எங்க பிறக்குதோ அங்கயே போய்ப் பிடிக்கணும். மூலத்துலயே குறைக்கணும்."

காற்றடைத்த தலையணைமேல் உட்கார்ந்திருந்த கணக்கர் பதறிப்போய், "எனக்குப் போன வருஷமே ஆபரேஷன் ஆயிடுச்சு சார்" என்றார். விளக்கிச் சொன்ன பிறகு அவரும் தத்துவத்தை ஏற்றுக்கொண்டார்.

தத்துவத்தைச் செயலில் இறக்கினோம். நடைபாதையில் இருந்த பெரிய பொதுத்தொட்டி அகற்றப்பட்டது. ஒவ்வொரு மேஜைக்கும் ஒரு சின்னத் தொட்டி, அதன்மேல் பதவியின் பெயர். வெள்ளிக்கிழமை தோறும் துப்புரவு அக்கா ஒரு தொங்கு தராசோடு வந்து ஒவ்வொரு தொட்டியையும் எடைபோட, நான் அறிவிப்புப் பலகையில் தரவரிசை எழுதுவேன். எந்தக் குப்பை யாருடையது என்று இனி உலகத்துக்கே தெரியும்.

ஒரே வாரத்தில் அற்புதம் நிகழ்ந்தது. யார் தொட்டியிலும் ஒரு துரும்பு இல்லை. கணக்கர் தன் தொட்டியில் குடையைச் சொருகி வைத்தார். நான் என் தொட்டியில் ஒரு பூச்செடி வளர்த்தேன். மேலாளரின் தொட்டி வெள்ளி நிறம், மூடி போட்டது. அதன் கழுத்தில் இருந்த விலைச்சீட்டைக்கூட யாரும் பிரிக்கவில்லை. மனிதர்கள் மாறுவார்கள் என்று பெரியவர்கள் சொல்வதை நான் அதுவரை நம்பியதில்லை. அன்றைக்கு நம்பினேன்.

ஒரே ஒரு தொட்டி மட்டும் மாறவில்லை. அது 'ஆகட்டும்' அவர்களுடையது.

'ஆகட்டும்' எங்கள் தபால் பிரிவு எழுத்தர். தற்காலிக ஊழியர். தற்காலிகம் என்றால் பல வருஷத் தற்காலிகம். எதைச் சொன்னாலும் "ஆகட்டும் சார்" என்பார், அதுவே பெயராகிவிட்டது. அந்த வருஷம் அவரை நிரந்தரமாக்கும் கோப்பு ஒருவழியாக மேலாளர் மேஜைவரை வந்து, ஒரு கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. வீட்டில் மனைவி பிள்ளைத்தாய்ச்சி. அந்தக் கையெழுத்தை நம்பி மனிதர் சற்றுக் காற்றோட்டமான வீட்டுக்குக் குடிபோயிருந்தார்.

அவருடைய மேஜை நடைபாதை திரும்பும் இடத்தில், டீ இயந்திரத்தை ஒட்டி இருந்தது. எல்லாரும் அங்கேதான் வந்து டீ பிடிப்பார்கள், நின்றபடியே ஊர்வம்பு பேசுவார்கள், குடித்து முடித்த கோப்பையோடு இரண்டு பக்கமும் பார்ப்பார்கள். தன் தொட்டிவரை தூக்கிக்கொண்டு போனால் தன் கணக்கில் ஏறும். பக்கத்திலேயே ஒரு தொட்டி வாயைத் திறந்துகொண்டு இருக்கும்.

"இதுல போட்டுக்கவா?"

"ஆகட்டும் சார்."

போதாக்குறைக்கு அலுவலகத்துக்கு வரும் அத்தனை தபாலையும் பிரிப்பவர் அவர். உறைகள் எல்லாம் அவர் கையால்தான் கிழிபடும். நானும் அந்தப் பக்கம் போகும்போது கையில் இருப்பதை அவர் தொட்டிக்கு வழங்கியதுண்டு. கண்காணிப்பாளர் என்ற முறையில் ஓர் ஊழியரின் தொட்டி ஒழுங்காக இயங்குகிறதா என்று சோதிப்பது என் கடமை. என் செடியில் உதிர்ந்த இலைகளையும் அங்கேதான் சோதித்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. துப்புரவு அக்கா மற்ற தொட்டிகளை விரல் நுனியில் தூக்கி வைத்துவிட்டு, 'ஆகட்டும்' தொட்டியைத் தராசில் மாட்டினார். தராசின் முள் கடைசிவரை போய் முட்டிக்கொண்டு நின்றது.

"அடேங்கப்பா! ஒத்த ஆளு இவ்வளவு டீ குடிச்சா உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். நான் தரவரிசை எழுதுவதில் மும்முரமாக இருந்தேன்.

மேலாளர் பலகையைப் பார்த்து வியந்துபோனார். "பாத்தீங்களா? நம்ம ஆபீஸ் குப்பை மொத்தமும் ஒரே ஆள்கிட்டேருந்து வருது. இது இத்தனை வருஷமா யாருக்குமே தெரியலையே!"

"உங்க கண்ணுக்குத்தான் சார் பட்டுது" என்றேன்.

மத்தியானம் 'ஆகட்டும்' என்னிடம் வந்தார். "சார், அது என் குப்பை இல்ல சார்."

"உங்க தொட்டியில இருந்ததா, இல்லையா?"

"இருந்தது. ஆனா எல்லாரும் வந்து போடுறாங்க."

"வேண்டாம்னு சொன்னீங்களா?"

"நான் எப்படி சார் சொல்றது? இன்னும் நிரந்தரம் ஆகாத ஆளு. நாளைக்கு அவங்க தயவு வேணுமே."

"அப்ப பெருந்தன்மையா வாங்கிக்கிட்டீங்க. வாங்கினது உங்களோடதுதானே?" என்று சட்டத்தை விளக்கினேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சிலர் சொல்லலாம். இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்து வைப்பதுதானே ஒழுங்கான நிர்வாகம்?

மனிதர் சும்மா இருக்கவில்லை, பாவம். தொட்டியைக் கவிழ்த்து வைத்தார்; கவிழ்த்த தொட்டியின்மேல் கோப்பைகளை அடுக்கினார்கள். ஒளித்து வைத்தார், மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். கடைசியில் சாயங்காலம் எல்லாவற்றையும் தன் பையில் அமுக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். வாசலில் காவலாளி பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே நிறுவனத்தின் முத்திரை போட்ட காகிதக் கோப்பைகள், நிறுவன முகவரி எழுதிய உறைகள். நிறுவனச் சொத்து! 'அலுவலகக் கழிவை அனுமதியின்றி வெளியே கொண்டுசென்றமை' என்று நானே கைப்பட விளக்கம் கேட்டு எழுதினேன். அவ்வளவு அழகான தலைப்பு என் பணிக்காலத்தில் வேறு எதற்கும் அமைந்ததில்லை.

உயர்மட்டக் குழு கூடியது. 'ஆகட்டும்' உள்ளே அழைக்கப்பட்டார். நாற்காலி இருந்தது, உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"தம்பி, உன் மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது" என்று மேலாளர் உருகினார். "நீ தங்கமான பையன். ஆனா உன் பதவி இருக்கே, அதுதான் குப்பையோட மூலம். தபால் பிரிவை எடுத்துட்டா குப்பை போயிடும்."

"ஆகட்டும் சார். ஆனா..." என்றார் அவர். அவர் 'ஆனா' போட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. "பிரிவை எடுத்துட்டா நான் சார்?"

மேலாளர் என்னைப் பார்த்தார்.

"அது குழுவோட வரம்புக்குள்ள வராது" என்றேன்.

"வீட்ல அவளுக்கு மாசம் நெருங்குது சார். நிரந்தரம் ஆயிடும்னு சொல்லித்தான் வீடு மாத்தினேன். எந்தப் பிரிவுல போட்டாலும் செய்யறேன் சார். மாடிப்படியில உக்காரச் சொன்னாலும் உக்காந்துக்கறேன். அந்தக் கோப்புல மட்டும் ஒரு கையெழுத்து..."

மேலாளரின் கண்களே கலங்கிவிட்டன. எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "குழந்தை நல்லபடியா பிறக்கட்டும். எல்லாம் நல்லதுக்குன்னு நினைச்சுக்கோ. என்ன, ஆகட்டுமா?"

ஒரு மனிதனுக்கு அவனுடைய சொல்லையே திருப்பிக் கொடுப்பது எவ்வளவு பெரிய மரியாதை! அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். நெகிழ்ச்சியாக இருக்கும்.

பிரிவுபசார விழாவை விமரிசையாகச் செய்தோம். பளபளக்கும் தாளில் சுற்றிய பூங்கொத்து, கேக், கேக்குக்குக் காகிதத் தட்டு, தட்டுக்கு மேல் பிளாஸ்டிக் கரண்டி. கணக்கர் பேசும்போது, "குப்பையில கிடந்தாலும் குன்றிமணி நிறம் மங்காது" என்று அவரைப் பாராட்டினார். எல்லாரும் கை தட்டினோம். விழா முடிந்ததும் 'ஆகட்டும்' தன் பழக்கப்படி தட்டுகளைப் பொறுக்கித் தன் தொட்டியில் போட்டார். அதையும் எடைபோட்டு அவர் கணக்கிலேயே சேர்த்தோம்.

துப்புரவு அக்கா மட்டும் தராசை அங்கேயே கீழே போட்டுவிட்டு, "ஒரு பிள்ளைத்தாய்ச்சி பொண்ணோட வயித்துல அடிச்சிட்டு கேக்கு வேற வெட்டுறீங்களா? உங்களுக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு கிடையாதா?" என்று கத்தினார். பெருக்குபவர்களுக்குத் தூசியால் அடிக்கடி கண் கலங்குவதுண்டு. நாங்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

'ஆகட்டும்' மேஜையும் தொட்டியும் போய்விட்டன. மூலம் ஒழிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமைக்காகக் குழு ஆவலோடு காத்திருந்தது.

வெள்ளிக்கிழமை பார்த்தால், அந்த மேஜை இருந்த இடத்தில் தரையிலேயே ஒரு குவியல். எல்லாரும் பழக்கத்தில் கையை நீட்டிப் போட்டிருக்கிறார்கள். அக்கா சாக்கில் அள்ளி எடைபோட்டார். தராசின் முள் பழைய இடத்திலேயே போய் முட்டியது.

மேலாளர் அதிர்ந்துபோனார். "வேலையை விட்டுப் போயும் அவன் குப்பை போடுறானா?"

"பழைய இருப்பா இருக்கும் சார்" என்று கணக்கர் தேற்றினார்.

மறுவாரமும் அதே எடை. அதற்கடுத்த வாரம் கூடுதல். பிரிக்க ஆள் இல்லாத தபாலும் அங்கேயே வந்து சேர்ந்துகொண்டிருந்தது. சாமானியர் என்றால் சோர்ந்திருப்பார்கள். எங்கள் மேலாளர் இரண்டாவது தத்துவத்தைக் கண்டுபிடித்தார்.

"கேட்டைத் தாண்டி வெளியே போனாத்தான் அது கழிவு. உள்ளயே இருந்தா அது இருப்பு. வெளியே அனுப்பாதீங்க!"

எவ்வளவு எளிமை! குப்பை வண்டி அன்றோடு நிறுத்தப்பட்டது. சாக்குகள் பதிவறைக்குள் அடுக்கப்பட்டன. கதவைப் பூட்டினோம். நாற்றம் கதவிடுக்கு வழியாக வந்தபோது நறுமணத் திரவம் வாங்கி அடித்தோம். அந்தக் காலிக் குப்பிகளையும் பதிவறைக்குள்ளேயே போட்டோம். அதற்குள் 'ஆகட்டும்' வீட்டில் பெண்குழந்தை பிறந்திருப்பதாகவும், பழைய இருட்டு வீட்டுக்கே திரும்பிவிட்டதாகவும், இன்னும் வேலை கிடைக்கவில்லை என்றும் துப்புரவு அக்கா நான் கேட்காமலே சொன்னார்.

வருஷக் கடைசியில் 'மாசற்ற பணியிடம்' விருதுக்காக எங்கள் அலுவலகத்தைப் பார்வையிட ஒரு நடுவர் அம்மையார் வந்தார். வெள்ளி நிறத் தொட்டியைப் பார்த்தார். என் செடியைப் பார்த்து நெகிழ்ந்தார். பதிவறைப் பக்கம் வந்ததும் கைக்குட்டையை எடுத்தார்.

"ஏதோ வாடை வருதே?"

"பழைய கோப்புகள் மேடம். கொஞ்சம் முதிர்ச்சி அடைஞ்சிருக்கு" என்றேன்.

கடைசிக் கேள்விக்கு வந்தார். "இந்த வருஷம் கேட்டைத் தாண்டி நீங்க வெளியே போட்டது என்னென்ன?"

"ஒண்ணுமே இல்ல மேடம்!" என்று மேலாளர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஒண்ணுமே இல்லைன்னா யாரும் நம்பமாட்டாங்க. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, எழுதிக்கறேன்."

மேலாளர் வழக்கம்போல என்னைப் பார்த்தார். ஒரு செயலாளர் தகவலை மறைக்கக் கூடாது. "ஒரு ஆளைப் போட்டோம் மேடம்" என்றேன்.

அம்மையார் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு, "மக்கும் பிரிவா, மக்காத பிரிவா?" என்றார்.

மேலாளர் தயங்கினார். கணக்கர்தான் கை கொடுத்தார். "மக்காத பிரிவுன்னே போட்டுக்குங்க மேடம். கைக்குழந்தையோட ரெண்டு தடவை கேட்டுக்கு வந்து நின்னார்."

அம்மையார் எழுதிக்கொண்டார். விருது எங்களுக்கே கிடைத்தது. விழா மேடையில் குழு முழுவதும் வரிசையாக நின்றோம். வண்டியை நிறுத்திய நாளிலிருந்து எங்கள் அலுவலகக் குப்பை எதுவும் வெளியே போகவில்லை என்பது நூற்றுக்கு நூறு உண்மை. பாதி பதிவறையில் பூட்டிக் கிடந்தது. மீதிப் பாதி மேடையில் நின்று மாலை வாங்கிக்கொண்டிருந்தது.