கம்பவுண்டரின் அடுப்பில்லாப் பிஸ்கட்

அரியலூரில் அடுப்பே மூட்டாமல் ஊராரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் கம்பவுண்டர்தான். ஊரை விடுங்கள், என்னுடைய வயிற்றெரிச்சலே போதும். நாற்பதுகளில் யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது நடந்த விஷயம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒரு டாக்டரிடம் மருந்து கலக்கிக் கொடுப்பது அவர் வேலை. மனைவி காலமாகி, ஒரே மகள் தனத்தைத் திருச்சியில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான நான் அவர் வீட்டு முன்னறையில் குடியிருந்தேன். சமையல் சேர்ந்துதான். அந்த மடத்தனத்தைச் செய்தவன் நானே என்பதால் யாரையும் நோக முடியாது.

தலைத் தீபாவளிக்கு மாப்பிள்ளை வந்தார். அதிரசம், முறுக்கு, லாடு எல்லாம் தட்டில் வந்தன. அவர் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, "பிஸ்கட் இல்லீங்களா மாமா?" என்றார். யுத்தத்தில் டப்பா பிஸ்கட் வருவதே நின்றுபோயிருந்தது. அதைக் கம்பவுண்டர் சொல்வதற்குள் மாப்பிள்ளையே, "இந்த ஊர்ல அதெல்லாம் எங்க கிடைக்கப்போவுது!" என்று சிரித்தார். தனம் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டது.

அவர்களை ரயிலேற்றிவிட்டு வந்த கம்பவுண்டர், செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினார்.

"என் பொண்ணு தலை குனியறதா? பொங்கலுக்கு வரட்டும். என் கையால செஞ்ச பிஸ்கட்டைத் தட்டு நிறைய வைக்கலைன்னா நான் கம்பவுண்டர் இல்லே!"

"சார், பிஸ்கட் சுட பெரிய அடுப்பு வேணுமாம்."

"யாருய்யா சொன்னது? தினம் அறுபது மாத்திரை உருட்டறேனே, அதைச் சுட்டா உருட்டறேன்?"

அவருக்குத் தெரிந்த தொழில் ஒன்று. உலகத்தில் எதைச் செய்தாலும் அந்த வழியில்தான் செய்வார்.

வறுத்த வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் மருந்து இடிக்கும் கல்லுரலில் விழுந்தன. நெய்யை அவுன்ஸ் கிளாஸில் அளந்தார். தேனைச் சொட்டுச் சொட்டாக எண்ணினார். பிசைந்த மாவை மாத்திரை உருட்டும் கண்ணாடிப் பலகையில் தட்டி, களிம்பு டப்பாவின் மூடியால் வட்டமாக வெட்டி, காயத்துக்குக் கட்டும் துணியால் மூடி வெயிலில் வைத்தார். முதல் தவணையை நான் கடித்தேன். சுண்ணாம்புக்கல் வெட்டும் ஊரில் இருந்துகொண்டு அப்படி ஒரு கல்லை நான் கண்டதில்லை. போதாததற்கு, உரலில் ஊறிக் கிடந்த ஓமவாட்டர் வாசனை வேறு மூக்கைத் துளைத்தது.

இனிப்புக்கு ஜீனி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். என் ரேஷன் கார்டில் கால் கடுக்க நின்று வாங்கிய ஜீனி! நான் வெல்லக் காபி குடித்துக்கொண்டிருக்க, என் ஜீனி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"என்ன சார் இது அநியாயம்?"

"ஒரு நல்ல காரியத்துக்குக் குடுத்தோம்னு நினைச்சுக்கய்யா."

குடுத்தோமாம்! நான் எப்போது கொடுத்தேன்?

கார்த்திகை பிறப்பதற்குள் பிஸ்கட் பதமாகிவிட்டது. கடித்தால் உடைந்தது. ஆனால் நாலு பேர் தின்று நன்றாயிருக்கிறது என்று சொன்னால்தானே மாப்பிள்ளைக்குத் தைரியமாக வைக்கலாம்? அதற்காக ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஜன்னல் வழியாகக் கொடுக்க ஆரம்பித்தார். அங்கேதான் வந்தது வினை. கைப்பழக்கத்தில் அதையும் பவுடர் மடிக்கும் காகிதத்தில் மடித்து, மேலே 'வேளைக்கு ஒன்று' என்று எழுதிவிட்டார்.

ஜனங்கள் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டு போனார்கள். ருசியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. விக்கிரமங்கலத்திலிருந்து வந்த ஒரு விவசாயி மட்டும் திரும்பி வந்து கேட்டார்.

"கம்பவுண்டரய்யா, இதுக்குப் பத்தியம் உண்டுங்களா? புளி சேத்துக்கலாமா?"

"யோவ், இது பிஸ்கட்டுய்யா! எப்படி இருந்துச்சு, அதைச் சொல்லு!"

"நல்லா கேக்குதுங்க. சுடுதண்ணியில கரைச்சு, மூக்கைப் புடிச்சுக்கிட்டு ஒரே மடக்குல குடிச்சேன். வயிறு லேசாயிடுச்சு."

"பிஸ்கட்டைக் கரைச்சுக் குடிச்சியா! அடப்பாவி!"

அன்று இரண்டு மணி நேரம் அந்த ஜன்னலில் யாருக்கும் மருந்து கிடைக்கவில்லை. அப்படி ஒரு கோபம் அவருக்கு.

பொங்கலுக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாட்டுப் பொங்கலன்று மத்தியானம் டீ வைத்து, பீங்கான் தட்டில் எட்டு பிஸ்கட்டை அடுக்கிக் கம்பவுண்டரே கொண்டுவந்தார். மாப்பிள்ளை ஒன்றை எடுத்து ஓரத்தில் கடித்தார். தனம் கதவோரம் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் நின்றார் விக்கிரமங்கலத்துக்காரர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"ஆஸ்பத்திரி பூட்டிக் கிடக்குதுங்க. நேத்துப் பொங்கல் கொஞ்சம் சாஸ்தியாப் போச்சு. அந்த வயித்து மருந்து ரெண்டு குடுங்க..." என்றவர், தட்டைப் பார்த்துவிட்டார். "அட, இதேதாங்க! உங்க மாப்பிள்ளைக்கும் வயிறு சரியில்லீங்களா?"

மாப்பிள்ளை வாயிலிருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், "மாமா, இது மருந்தா?" என்றார். கடித்த துண்டு தட்டுக்குத் திரும்பியது. தனம் மறுபடி தலையைக் குனிந்துகொண்டது.

கம்பவுண்டர் கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் கத்தவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். இரண்டு மாதமாக வெயிலில் காக்காய் ஓட்டிய மனிதர், தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பினார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! என் ஜீனி போனபோதுகூட அப்படி வரவில்லை. தட்டைப் பிடுங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லார் கண்ணெதிரிலும் கடித்துத் தின்றேன்.

"பிஸ்கட்டுய்யா இது! அசல் பிஸ்கட்டு! திருச்சியில தேடினாலும் கிடைக்காது!" என்று கத்திவிட்டு, விவசாயி கையிலும் ஒன்றைத் திணித்தேன். "கரைக்காதே. மூக்கைப் புடிக்காதே. கடிச்சுத் தின்னு!"

அவர் பயந்துபோய்க் கடித்தார். மெதுவாக மென்றார். கண் விரிந்தது.

"அட, இனிக்குதுங்களே!"

"ரெண்டு மாசமா அதைத்தானேய்யா கத்திக்கிட்டிருக்கேன்!" என்றார் கம்பவுண்டர்.

தனம் வந்து ஒன்றை எடுத்துத் தின்றது. "நல்லாருக்குப்பா" என்றது. பெண்டாட்டி தின்ற பிறகு மாப்பிள்ளை என்ன செய்வார்? கடித்துவைத்த துண்டை எடுத்து டீயில் நனைத்தார். அது அப்படியே கரைந்து அடியில் போய்விட்டது. ஒரு கலக்குக் கலக்கி முழுவதையும் குடித்துவிட்டு, "ஊருக்குப் போறப்ப கொஞ்சம் கட்டிக் குடுங்க மாமா" என்றார். பிஸ்கட்டைக் கரைத்துக் குடித்தால் அடப்பாவி என்று அலறிய மனிதர், அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். மூன்று பொட்டலம் கட்டிக் கொடுத்தார். மேலே பழக்க தோஷத்தில் 'வேளைக்கு ஒன்று' என்று எழுதியும் கொடுத்தார்.

என் ஜீனியை அவர் திருப்பித் தரவே இல்லை. அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது.

இப்போது கடைகளில் பிஸ்கட் குவிந்து கிடக்கிறது. டீயோடு எனக்கும் இரண்டு வைக்கிறார்கள். எடுத்து மோந்து பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன். ஓமவாட்டர் வாசனை துளிகூட இல்லை. இதெல்லாம் ஒரு பிஸ்கட்டா?