மயாமியில் ஒரு சொந்த ஊர் ஆட்டம்

எங்கள் குடும்பம் ஒரே ஒரு ஒப்பந்தத்தில் ஓடுகிறது. எங்கள் கால்பந்து அணிக்குச் சொந்த ஊரில் ஆட்டம் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை நான் சீசன் அட்டையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போவேன். வெளியூரில் ஆட்டம் என்றால் மாமியார் வீட்டுக்குப் போய், முயல்கறி போட்ட பாயேயா சோறு சாப்பிடுவேன். இரண்டுமே அழவைக்கும். ஆனால் மைதானத்தில் என்னோடு சேர்ந்து அழ ஆள் உண்டு.

நிம்மதியாக ஓடிய வண்டிக்கு முன்னால் ஸ்பெயின் கால்பந்து லீக்காரர்கள் கட்டையைப் போட்டார்கள். டிசம்பரில் எங்கள் ஊரில் நடக்கவேண்டிய ஆட்டத்தை அமெரிக்காவில் மயாமியில் நடத்தப் போகிறார்களாம். எனக்குத் தலை சுற்றியது. கடல் தாண்டிப் போய் ஆடுவது எப்படிச் சொந்த ஊர் ஆட்டமாகும்? ஆனால் லீக் அட்டவணையில் அப்படித்தான் போட்டிருந்தது.

என் மனைவி ரெமெடியோஸுக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

"அன்னைக்கு வர்றோம்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"எதுக்கு? அது சொந்த ஊர் ஆட்டமாச்சே."

"மயாமி எப்பங்க நம்ம ஸ்பெயினுக்கு வந்துச்சு?"

"லீக்கே சொல்லுது."

"நம்ம டீம் பசங்க நம்ம ஊர்லயே வெளியூர்க்காரன் மாதிரி வழி தெரியாமதான் ஓடறானுங்க. வெளியூர்னே வச்சுக்குங்க."

பக்கத்து வீட்டு பாஸ்குவாலிடம் போய்ப் புலம்பினேன்.

"யோவ், நீ பேப்பரே முழுசாப் படிக்கமாட்டியா? சீசன் அட்டை வச்சிருக்கறவங்களை கிளப்பே கூட்டிட்டுப் போகுது. விமானம், ஓட்டல், எல்லாம் இலவசம்யா."

அந்த நொடியே என் குழப்பம் பறந்தது. அது சொந்த ஊர் ஆட்டமேதான். அதற்காக உயிரையும் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசை வழக்குமன்றமானது. மயாமியிலும் எங்கள் அணி சொந்த ஊர் ஆட்டத்துச் சட்டையைத்தான் போடும் என்றேன். ஆட்டம் எங்கே நடந்தாலும் அட்டைக்காரனுக்கு உரிமை உண்டு என்று மேசையைக் குத்தினேன். சூப் சிந்தியது.

கடைசியில் ரெமெடியோஸ் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சரிங்க. சொந்த ஊர் ஆட்டம்தான். அட்டைக்கு உரிமை உண்டு. ஒத்துக்கறேன்."

"அப்புறம் மாறமாட்டியே?"

"அம்மா மேல சத்தியம்."

கல்யாணமான நாளிலிருந்து நான் ஜெயித்த முதல் விவாதம். சந்தோஷத்தைவிட பயம்தான் அதிகமாக இருந்தது.

மறுநாள் அவளே பெட்டியை எடுத்துவைத்தாள். என் நீச்சல் டவுசரை உள்ளே போட்டேன். அதை வெளியே எடுத்துவிட்டுத் தன் வைக்கோல் தொப்பியை வைத்தாள்.

"நீயும் வர்றியா ரெமெ?"

"நீங்க எங்க வர்றீங்க?"

"அட்டை என்னோடதுடி."

"அட்டையில பேர் யாருது?"

பார்த்தேன். அவள் பெயர். மைதானத்தில் என் மாமனார் உட்கார்ந்த இருக்கை அது. கல்யாணத்தில் சீராகக் கொடுத்தார். எனக்குத்தான் கொடுத்தார் என்று இத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்தேன். மைதான வாசலில் இருப்பவர் என் மூஞ்சியைப் பார்த்தே உள்ளே விடுவார், பெயரை யார் படித்தது? விமானக்காரன் படிப்பானே.

"அட்டைக்கு உரிமை உண்டுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று பெட்டியை மூடினாள்.

ஆட்டத்தன்று மாமியார் என் தட்டில் சோற்றை மலையாகக் குவித்தார்.

"இது அநியாயம் அத்தை. இன்னிக்குச் சொந்த ஊர் ஆட்டம்."

"ஆமா மாப்பிள்ளை. அதனாலதான் அவ போயிருக்கா. முயல் எலும்பு இருக்கும், பாத்துச் சாப்பிடுங்க."