மாமன் சேர்த்த நாற்பத்தேழு மேற்கோள்

திண்டிவனம்
10.1.1986

என்றும் என் ஆசிக்குரிய மாப்பிள்ளை நடராசனுக்கு, அச்சகம் வைத்திருக்கும் உன் தாய்மாமன் விருத்தாசலம் எழுதிக்கொள்வது. இங்கு நான், உன் அத்தை, மகள் தையல்நாயகி, டிரெடில் அச்சு இயந்திரம் நால்வரும் நலம். விழுப்புரத்தில் உன் அம்மாவும் நலம். சென்னையில் உன் நலமும் உன் கணிப்பொறியின் நலமும் அறிய ஆவல்.

உன் கடிதம் போன மாதமே கிடைத்தது. பதவி உயர்ந்தால்தான் தையல்நாயகியைக் கட்டுவேன், பொங்கல் முடிந்ததும் தேர்வுக்குழு கூடுகிறது, ஒருவன் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பார்கள், என் கட்டுரைக்கு இதுவரை இரண்டே மேற்கோள், அதில் ஒன்று நானே காட்டியது என்று புலம்பியிருந்தாய். படித்துவிட்டு உன் அத்தை அழுதாள். நான் சிரித்தேன். சொந்தமாக அச்சகம் வைத்திருக்கிற மாமன் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்க, மேற்கோளுக்கா கலங்குவது? எத்தனை வேண்டும் என்று ஒரு கார்டு போட்டிருக்கக் கூடாதா?

சம்பந்தமில்லாத இடத்தில் செருகுகிற ஆள் நான் இல்லை. கணிப்பொறி முன்னால் வேலைகள் வரிசையில் நிற்கும், சின்ன வேலையை முதலில் முடித்து அனுப்பினால் மொத்தக் காத்திருப்பும் குறையும், இதுதான் கட்டுரை என்று தீபாவளிக்கு வந்தபோது நீயே விளக்கினாய். ஆகவே வரிசை வருகிற இடமாகப் பார்த்தேன். மேல்மலையனூர் அமாவாசை நோட்டீசில் "பக்தர்கள் வரிசையில் வரவும்" என்பதற்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக்குறி, அடியில் பொடி எழுத்தில் உன் கட்டுரையின் விவரம். காதுகுத்தல் பத்திரிகையில் பந்தி நான்கு தடவை என்ற இடத்தில் இன்னொன்று. கருமாதிப் பத்திரிகையில் போடத்தான் கொஞ்சம் தயங்கினேன். செத்தவரின் மகனே, "தாராளமா போடுங்க, எங்கப்பா ரேஷன் கடை வரிசையில நின்னுக்கினே ஆயுச கழிச்சாரு" என்று சொல்லிவிட்டார்.

கூட்டேரிப்பட்டு மண்டி நோட்டீசில்தான் கொஞ்சம் சிக்கல். மல்லாட்டை (உங்கள் சென்னைப் பேச்சில் வேர்க்கடலை) மூட்டைகள் வந்த வரிசைப்படி எடைபோடப்படும் என்பதற்கும் நட்சத்திரம் வைத்தேன். முனியம்மாள் என்கிற அம்மாள் அது என்ன நட்சத்திரம் என்று கேட்டாள், விளக்கினேன், நேரே மண்டிக்குப் போய் முப்பது மூட்டைக்காரரைத் தள்ளிவிட்டு, "எனுக்கு ஒரே மூட்ட. சின்ன வேலதான் மொதல்ல, நோட்டீசுலயே போட்டிருக்குது, ஜல்தியா எட போடு" என்று தராசில் ஏற்றிவிட்டாள். மண்டிக்காரர் சுப்பராயலு மூச்சிரைக்க என்னிடம் ஓடி வந்தார். "இன்னாங்க இது பேஜாரு! முப்பது மூட்டக்காரன் இப்ப ஆளுக்கு ஒரு மூட்டயா முப்பது பேர கூட்டிக்கினு வர்றான்!" என்றார். இரண்டு பேருக்குச் சட்டை கிழிந்தது. மாப்பிள்ளை, எந்த அமெரிக்காக்காரன் கட்டுரைக்காவது மண்டியில் சட்டை கிழிந்திருக்கிறதா?

மொத்தம் நாற்பத்தேழு. ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி எடுத்துக் கட்டி, தேர்வுக்குழுத் தலைவர் பெயருக்கே இன்று காலை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியாயிற்று. பதவி உன்னுடையது என்று எழுதி வைத்துக்கொள். மாசியில் முகூர்த்தம், மண்டபமும் பேசிவிட்டேன். நீயும் உன் கட்டுரைகளும் ஊர் மெச்ச, உலகம் மெச்ச நீடூழி வாழ மயிலம் முருகன் துணையிருப்பான்.

இப்படிக்கு,
உன் மாமன்,
க. விருத்தாசலம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது எழுத்துக் கோர்க்கும் கம்பாசிட்டர் சூசைமுத்து சாப்பிட்டுவிட்டு வந்தார். பொடி எழுத்து என் கண்ணுக்குத் தெரியாது, சரியாகத்தானே கோர்த்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டு வைத்தேன். "கட்டுரையில ரெண்டு பேரு இருந்துச்சுங்க, தம்பியும் அவரு புரொபசர் பெரியநாயகமும். அடியில ஒரு பேருக்குத்தான் எடம். பெரியவர வுட்டா மரியாத இல்லியேன்னு அவரு பேர போட்டு, தம்பிய 'மற்றும் பலர்'ல சேர்த்துட்டேன்" என்றார். நாற்பத்தேழிலும் அப்படித்தானாம். தபாலாபீசுக்கு ஓடினேன், பை ரயிலேறிவிட்டது. புரொபசருக்கு என் வாழ்த்தைச் சொல். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டதால் கல்யாணத் தேதி மாறாது. அடுத்த கட்டுரைக்கு மட்டும் உன்னைவிட வயதில் சின்னவராகப் பார்த்துச் சேர்த்துக்கொள்.